மாமாவின் மோதிர விரல்

ஏழுமலை மாமா! போன வாரம் புதுவாயல் டீக்கடையில் உன் கையைப் பார்த்தேன்.

யாரோ ஒரு லாரி டிரைவர். மோதிர விரல் உள்ளங்கைப் பக்கம் மடங்கியிருந்தது. பக்கத்து ஆள் கிளாஸோடு நகர்ந்துகொண்டார். நான் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, போக வேண்டிய ஆஸ்பத்திரியைச் சொன்னேன்.

ஏழுமலை என் தாய்மாமன். என் புருஷனும் அவர்தான். பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்தவர். போன மாசம் காய்ச்சலில் போய்விட்டார்.

மூன்று வருஷம் முன்னால் அவருக்கும் இப்படித்தான்... உள்ளங்கையில் ஒரு முடிச்சு, அப்புறம் விரல் மடங்கியது. ஊர் சும்மா இருக்குமா? பெருவியாதி, அதாவது குஷ்டம் என்றது.

எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். "டாக்டர் சீட்டு இல்லாம உனுக்கு முறை கெடையாது ஏழுமலை" என்றார் ஊர்ப் பெரியவர். முறை போனால் சோறு போச்சு.

மெட்ராஸ் போனோம். டாக்டரம்மா உடம்பு முழுக்கத் தேமல் தேடினார். ஊசியால் விரலைக் குத்தினார்.

"ஆ! இன்னாம்மா, மீனுன்னு நென்ச்சிக்கினியா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "உணர்ச்சி நல்லாவே இருக்கு. இது பெருவியாதி இல்லை. தோலுக்கடியில நார் தடிச்சு விரலை இழுக்குது."

"கத்தி வெப்பீங்களா?"

"கையை மேசை மேல வைங்க... கொஞ்சம்தான் தூக்குது. இப்ப கத்தி வேணாம்."

மெழுகு ஒத்தடம், விரலை நீட்டிப் பழகுவது, தூங்கும்போது ஒரு சின்னக் கட்டை வைத்துக் கட்டுவது. "மடங்குறது முழுசா நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சொன்னார். அந்த நேர்மை மாமாவுக்குப் பிடித்துப்போனது.

ஆனால் வலைக்காரர் ஆச்சே! கட்டையை வலைக்கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார். காலையில் விரல் வீங்கிக் கத்திரிக்காய்!

"யோவ் மாமா, வெரலுக்குக் கட்னியா, படகுக்குக் கட்னியா?"

"அவுந்துகினு ஓடிடப்போவுதுன்னு பார்த்தேன்டி!"

அப்புறம் நானே பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டினேன். ஒரு நாள் விடவில்லை மனுஷன். விரல் நேராகவில்லை. அதற்குமேல் மடங்கவும் இல்லை. வைத்தியமா, பிடிவாதமா — யாருக்குத் தெரியும்?

மெட்ராஸிலிருந்து வந்ததுமே பெரியவரிடம் டாக்டர் சீட்டைக் கொடுத்திருந்தோம். முறை கிடைத்தது. ஆனால் அன்றைக்குக் கூட்டாளி ஒருத்தரும் படகில் ஏறவில்லை. மாமா படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இர்றா ஏழுமல... நானும் வர்றேன்!"

ஊர்ப் பெரியவர்! இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். மாமா கை நீட்டினார், மடங்கின விரல் இருந்த அதே கையை. பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பின்னாலேயே மற்றவர்களும்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி... என் ஏழுமலைக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.