சீனச்சாடியில் இருந்தவர்

கொரியாவில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு சுதாகரன் நாவற்குடாவுக்குத் திரும்பி வந்த அன்று, அவன் பெட்டி திறப்பதைப் பார்க்கவென்றே சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். உள்ளே இருந்தவை ஆறு தடித்த புத்தகங்கள், சோறு சாப்பிடும் மூன்று சோடி உலோகக் குச்சிகள், மூடி வீங்கிய ஒரு போத்தலில் சிவந்த மிளகாய்க் களி. மூடியைத் திருகியதும் எழுந்த நெடியில் மாமி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அவன் மனைவி கேதீஸ்வரி மட்டும் சிரித்தாள்.

"நல்ல காலம், புத்தகத்தில ஊத்துப்படல்ல," என்றாள்.

பழைய சீனப் பீங்கான் என்ற பைத்தியம் அவனைப் பிடித்ததற்குக் குளிர்தான் காரணம். வாகன உதிரிப்பாகம் வார்க்கும் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை தங்குமிடத்தில் வெப்பமூட்டியை நிறுத்தி விடுவார்கள். நகரத்து அருங்காட்சியகத்தில் அனுமதி இலவசம், உள்ளே இளஞ்சூடு. உடம்பைச் சூடாக்கப் போனவன், கடலுக்கடியில் இருந்து எடுத்த கப்பல் ஒன்றின் சீனக் கிண்ணங்களுக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்கத் தொடங்கினான். அவற்றின் மேல் சுவரில் ஒரு பெரிய வரைபடம். பழைய கப்பல்கள் போன வழிகளைப் புள்ளிக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். இலங்கை அதில் ஒரு நீர்த்துளி அளவு. அந்தத் துளியின் கிழக்குப் பக்கத்தை உரசிக்கொண்டு ஒரு கோடு போனது. தன் வீட்டுப் பின்வளவால் யாரோ நடந்து போனதைப் பிந்தி அறிந்தவன் போல அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊரில் அவனுக்கு வீடு வீடாக மின்சார மீற்றர் பார்க்கும் வேலை கிடைத்தது. அவனுடைய ஆசைக்கு அதைவிடத் தோதான வேலை வேறு இல்லை. கிணற்றடி, கோழிக்கூடு, வாழைப்பாத்தி என்று எவர் வளவுக்குள்ளும் போகலாம். கண் எப்போதும் நிலத்தில். நீலக் கோடு போட்ட பீங்கான் ஓட்டுத்துண்டு, பச்சை மெருகு பூசிய விளிம்பு, எது கண்ணில் பட்டாலும் கேட்டு வாங்கி வந்து, பிஸ்கட் டின்னில் போட்டு, இடமும் திகதியும் எழுதி ஒட்டுவான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் சீன எழுத்துப் பழகுவான். கொரியாவில் பழகியபடி முட்டைக்கோவாவை உப்பும் மிளகாயும் இட்டுப் புளிக்க வைப்பான். ஒழுங்கையில் அயல்வீட்டுக்காரர் அதற்கு 'நாறல் கோவா' என்று பெயர் வைத்துவிட்டு, காய்ச்சல் வந்து வாய் கசக்கும் நாட்களில் ஒரு கிண்ணம் கேட்டும் வருவார்கள். பழைய பீங்கான் பிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் பினாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சீன வாத்தியார் ஒருவர் அவனுக்குப் பழக்கமானார். வாசிக்க முடியாத எழுத்தைப் படம் பிடித்து அனுப்பினால் அவர் விளக்கம் சொல்லுவார்.

இப்படிப் பத்து வருடம் போனது. ஓட்டுத்துண்டுகளைத் தவிர முழுசாக ஒரு பொருள் அவன் கையில் அகப்படவில்லை.

ஓர் ஆகஸ்ட் மாதம், லீவில் நின்ற இன்னொரு மீற்றர்காரருக்குப் பதிலாக, கடலோடு கலக்கும் வாவியின் கரைப்பக்கத்து வீடுகளுக்குப் போக வேண்டி வந்தது. கடைசி வீடு மீன்பிடிக்கிற அன்ரோவுடையது. காலை பதினொரு மணி. காற்று ஓய்ந்து, வாவி கண்ணாடி போல் கிடந்தது. மீற்றர் குசினிச் சுவரில் இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பியவன் பின்கதவடியில் அப்படியே நின்றுவிட்டான்.

பலாமரத்துக்குக் கீழே ஒரு கல். கல்லின் மேல் சின்னக் கிண்ணம் நிறையச் சோறு. அதன் நடுவில் விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடிய இரண்டு ஈர்க்குகள், பக்கத்தில் பக்கத்தில், நேராக நட்டு நின்றன.

கொரியத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் முதல் கிழமை அவன் அறியாமல் குச்சிகளை அப்படிச் சோற்றில் நட்டிருக்கிறான். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஓடி வந்து அவன் கையில் அடித்து, குச்சிகளைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். அது செத்தவருக்கு வைக்கும் சோறு என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். அன்று கையில் விழுந்த அடியின் சூடு இன்று புறங்கையில் மறுபடி பரவியது. இந்த வாவிக்கரையில் தன்னைத் தவிர இது தெரிந்தவர் யார் என்று யோசித்தான். யாருமில்லை.

அன்ரோவின் மனைவி றீற்றா தையல் மெசினை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"தங்கச்சி, இந்தச் சோறு ஆர் வைச்சது?"

"நான்தான் அண்ணன். காகத்துக்கு."

"ஈர்க்கு?"

அவள் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் பக்கத்தில படுக்கத்தான் வைச்சன். பின்ன வந்து பாக்கக்குள்ள இப்பிடித்தான் நிக்கும். ஒவ்வொரு நாளும்."

காகம் தின்னுகிறதா என்று கேட்டான். இரண்டு வருடமாக ஒரு காகமும் அந்தக் கல்லில் இறங்கியதில்லை என்றாள். அவனுக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் கேட்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, மீதியையும் சொன்னாள். மத்தியானம் கொஞ்சம் கண் அயர்ந்தால் ஒருவர் வருவார். பின்கதவடியில் குந்தியிருந்து சோற்றைப் பார்ப்பார், தொடமாட்டார். ஏன் சாப்பிடவில்லை என்று ஒருநாள் கனவிலேயே கேட்டாளாம். இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாராம். முழித்துப் பார்த்தால் அவர் இருந்த இடத்தில் சீமெந்து ஈரமாக இருந்ததாம். அன்றைக்குத்தான் ஈர்க்கு முறித்து வைத்தாள். பாதர் வந்து தண்ணீர் தெளித்து மந்திரித்தார். கனவு நிற்கவில்லை.

"பயமா இரிக்கா?" என்று கேட்டான்.

"முதல்ல பயந்தன். இப்ப, பசியோட ஒராள் இருக்கக்குள்ள நாம எப்பிடிச் சாப்பிடுற எண்டுதான் இரிக்கு."

அப்போதுதான் சுதாகரன் சாடியைக் கண்டான். குசினிக் கதவோரம், கால் கழுவத் தண்ணீர் நிறைத்து வைத்த சாடி. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல் உயரம், மண்ணிற மெருகு, தோளில் கயிறு கோர்க்க நாலு காது. பத்து வருடமாகத் தேடிய முழுப்பொருள். கிட்டப் போய்க் கைவைத்தான். வெயிலில் நின்றிருந்த சாடி கிணற்றுக்கல் போலக் குளிர்ந்து கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் கக்கூசுக் குழி வெட்டும்போது நெஞ்சளவு ஆழத்தில் அன்ரோ கண்டெடுத்ததாம். வாயில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசி அடைத்திருந்ததாம். அந்தக் கிண்ணம் எங்கே என்று கேட்டான். கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அதைக் கழுவி உள்ளே பார்த்தான். மெருகைக் கூரான எதனாலோ கீறி எழுதிய சீன எழுத்துகள். இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போன்ற முதல் எழுத்து ஒரு குடும்பப் பெயர். அது அவனுக்குத் தெரியும். நடுவில் ஓர் எண், முப்பத்தொன்று. மற்றவற்றைப் படம் பிடித்து அந்த இடத்தில் நின்றே பினாங்குக்கு அனுப்பினான்.

அரை மணித்தியாலத்தில் வாத்தியார் எழுதியிருந்தார். பெயர் லிம் ஆ செங். வயது முப்பத்தொன்று. கடைசி எழுத்துக்குக் கருத்து, திரும்பிப் போக. இது வீட்டுச் சாடி இல்லை என்றும் சொன்னார். வெளியூரில் செத்தவனுடைய எலும்பைக் கழுவி, சாடியில் இட்டு, அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பக் கூட்டாளிகள் கட்டி வைப்பதுண்டு. எந்தக் காலம் என்று சாடியைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்றவர், கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். உள்ளே இருந்தவர் எங்கே?

அந்த நேரம் அன்ரோ வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறி வந்தான்.

"அன்ரோ, சாடிக்குள்ள என்ன இருந்த?"

"ஒண்டுமில்ல அண்ணன். சேறு."

"சேத்த எங்க கொட்டின?"

அன்ரோ மனைவியைப் பார்த்தான். வலையை இறக்கி வைத்தான். பிறகு அதைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்தான்.

"தாடை இருந்த. பல்லோட," என்றான்.

றீற்றா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவளுக்கு அது தெரியாது.

"எலும்பெண்டா பொலிசு வரும், கோட்டு வழக்கு வரும். அதுகூடப் பரவாயில்ல. சண்டைக் காலத்தில காணாமப் போன பிள்ளையளத் தேடுற தாய்மாரெல்லாம் இந்தப் படலையில வந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தியும் என்ர மகனோ எண்டு கேப்பா. நான் என்னத்தச் சொல்லுற? விடியிறதுக்குள்ள தோணியில கொண்டுபோய்க் கண்டல் பத்தைக்கு அங்கால கொட்டிட்டன். அண்டையில இருந்து, அது அவங்கள்ள ஒருத்தியிர பிள்ளையா இருந்தா எண்டு ஒரு நாளும் விட்டுப் போகல்ல."

"அவங்கட பிள்ளை இல்ல," என்றான் சுதாகரன். எழுத்தைக் காட்டி, வாத்தியார் சொன்னதைச் சொன்னான்.

அன்ரோ கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினான். முகம் தெளிந்தது போல இருந்தது. பிறகு மறுபடியும் இருண்டது.

"ஆரோ ஒருத்தியிர பிள்ளைதானே," என்றான்.

சாடியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார்கள். அடியில் கல்லாக இறுகிய சேறு ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. சுதாகரன் தோள்வரை கையை விட்டு நகத்தால் சுரண்டினான். வழுவழுப்பான ஏதோ ஒன்று விரலில் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஒரு கடைவாய்ப் பல். தேய்மானம் இல்லாத, இளந்தாரியின் பல். உள்ளங்கையில் வைத்திருக்கும்போது அது நனைந்துகொண்டே இருந்தது. துடைத்தால் மறுபடியும் நனைந்தது.

சாடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற ஆசை அவனுக்கு அதுவரை இருந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் போய்விட்டது. கொட்டிய இடத்தில் சோறு வைத்து, பெயர் சொல்லி அவரைச் சாடிக்குத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை அவன் தன் குசினியில் அரிசியைக் குழையக் குழையக் கட்டிக் கஞ்சியாகக் காய்ச்சினான். கேதீஸ்வரி பக்கத்தில் வந்து இருந்து இஞ்சி சீவித் தந்தாள். உப்பில் ஊறிய முட்டை, கருவாடு, புளித்த கோவா, ஒரு போத்தல் வெறுந்தேத்தண்ணி. கொரியாவில் இருந்து கொண்டுவந்த உலோகக் குச்சியில் ஒரு சோடியை அவளே ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

மத்தியானம் அன்ரோ கம்பை ஊன்றித் தோணியைத் தாங்கினான். றீற்றா நடுவில் சாடியை அணைத்துக்கொண்டிருந்தாள், உள்ளே அந்தப் பல். சுதாகரன் முன்னுக்கு இருந்தான். தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்டல் பத்தைக்கு அப்பால் வாவி அசையவில்லை. கொக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயதில் இருந்து பார்த்த அந்த வாவியை இவ்வளவு சத்தமில்லாமல் அவன் கண்டதில்லை. கஞ்சியில் குச்சிகளை நட்டு முன்பலகையில் வைத்தான். வாத்தியார் தன் குரலில் பதிந்து அனுப்பிய பெயரின் உச்சரிப்பை வீட்டில் முப்பது தரம் சொல்லிப் பழகியிருந்தான். தண்ணீரைப் பார்த்து அந்தப் பெயரைக் கூப்பிட்டான். இரண்டாம் முறையும் கூப்பிட்டான். ஒன்றும் இல்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டதும் தோணி தாழ்ந்தது.

கரையில் நின்று ஓராள் கால் வைத்து ஏறினால் எப்படிப் பக்கம் சரிந்து நிமிருமோ, அப்படி. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது, நாலு விரலாகியது. அன்ரோ கையில் தாங்குகம்போடு சிலை போல நின்றான். றீற்றாவின் மடியில் இருந்த சாடியின் வெளிப்புறம் முழுவதும் வியர்த்து வடிந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள், குளிப்பாட்டி எடுத்த பிள்ளையைத் துடைப்பது போல.

"தாங்கு," என்றான் சுதாகரன் மெல்ல.

பாரம் ஏற்றிய தோணியைத் தாங்குவது போல அன்ரோ மூச்சு வாங்கித் தாங்கினான். மூவரும் இறங்கிய பிறகும் தோணி எழும்பவில்லை. றீற்றா சாடியோடு படியேறி வளவுக்குள் கால் வைத்தபோதுதான் அது மெல்ல எழும்பி ஆடியது.

பழைய குழியை இப்போது சீமெந்து மூடியிருந்தது. ஆகையால் பலாமரத்தடியில் நெஞ்சளவு வெட்டி, சாடியை இறக்கி, கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசினார்கள். தொல்பொருள் ஆட்களுக்கு எழுத வேண்டும் என்பது சுதாகரனுக்குத் தெரியும். அன்று மாலையே அளவுகளும் படமுமாக முழு அறிக்கை எழுதினான். அனுப்புவதற்கு அவசரப்படவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பக்கத்துக்குப் போவதற்கு அவனே கேட்டு வாங்கினான். பலாமரத்தடியில் கல்லைக் காணவில்லை. மண் சமனாக இருந்தது. மீற்றரைக் குறித்துக்கொண்டிருக்கும்போது றீற்றா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"மறுகா ஒருதரம் வந்தவர் அண்ணன்," என்றாள். "போன செவ்வாய்க்கிழமை. குந்தியிருக்கல்ல, நிண்டவர். கையில ஒரு பொட்டணம். அண்டைக்கும் சோறு வைச்சிருந்தன், பாக்கவும் இல்ல."

"ஏதும் கேட்டவரா?"

"பாசை விளங்கல்ல. ஆனா வழி கேக்கிறார் எண்டு விளங்கின."

சுதாகரன் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"நீ எந்தப் பக்கம் காட்டின?"

"எனக்கு அவங்கட ஊர் எங்க எண்டு தெரியுமா அண்ணன்? முகத்துவாரப் பக்கம் கையக் காட்டினன். அதாலதானே கடலுக்குப் போற."