குளியல் தொட்டியை உடைத்த செலவு

எனக்கு ஒரு இடத்தில் இருக்க வராது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தேன். ஒரு பாடத்துக்காவது நாற்காலியில் உட்கார்ந்த ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவள் போன மாரியில் குளியலறையில் சறுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசல் படலை வரைக்கும் போய்வந்தேன். ஆனால் இடது காலை ஒரு சாணுக்கு மேலே தூக்க முடியவில்லை. எங்கள் குளியல் தொட்டியின் விளிம்போ முழங்கால் உயரம்.

எங்கள் தெருவில் பாத்டப் வைத்த வீடு எங்களுடையது மட்டும்தான். என் கணவர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருடம் அறை துப்புரவாக்கினார். ஊராருடைய தொட்டிகளைத் தேய்த்துத் தேய்த்து, தனக்கும் ஒன்று வேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார் போலும். சுனாமியில் கடல் வந்து போன பிறகு வீட்டைக் கட்டியபோது, கூரைக்கு ஓடு வாங்குவதற்கு முதலே கொழும்பிலிருந்து தொட்டிதான் லொறியில் வந்து இறங்கியது. அதில் அவர் ஒரே ஒரு தடவை படுத்தார். கூரையில் இருந்த தண்ணீர்த் தாங்கி காலியாகி, மதியம் ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யப் பக்கத்து வீட்டில் ஒரு வாளி தண்ணீர் வாங்கினோம். அதற்குப் பிறகு படுக்கவில்லை. அழுக்கோடு அழுக்காகத் தண்ணீருக்குள் கிடப்பதும் ஒரு குளிப்பா என்று நானும் விடாமல் கேட்டேன். எல்லோரும் தொட்டிக்குள் ஏறி நின்று, வாளியில் அள்ளி ஊற்றிக் குளித்தோம். கிணற்றடிக் கட்டு செய்கிற வேலையை அந்தத் தொட்டி செய்தது, அவ்வளவுதான்.

நான் விழுந்த பிறகு மகள்தான் என்னைக் குளிப்பாட்டினாள். எங்களுக்கு அவள் ஒருத்திதான். பிரதேச செயலகத்தில் வேலை. ஏழரைக்கு ஓட்டோ வரும் என்பதால் ஆறரைக்கே என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் காலைத் தூக்கி உள்ளே வைத்து, பிளாஸ்டிக் முக்காலியில் இருத்தி, தலைக்கு ஊற்றுவாள். பெற்ற பிள்ளைதான். ஆனாலும் நனைந்த கைலியோடு பிள்ளைக்கு முன்னால் குந்தியிருக்க எனக்குக் கூசியது. அவள் என் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்க்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு ஏதாவது கதைப்பேன். அவளும் அலுவலகத்துக் கதை சொல்லுவாள், யார் யாரோடு சண்டை, யாருக்கு இடமாற்றம் என்று. பிறகு அவள் போய்விடுவாள். பதினொரு மணிக்கு உடம்பு பிசுபிசுக்கும். முன்பு அந்த நேரத்தில் இரண்டாவது குளிப்பு முடித்திருப்பேன். இனி அடுத்த நாள் ஆறரை வரைக்கும் காத்திருக்க வேண்டும். எனக்கு இருப்புக்கொள்ளாது. கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு அறைக்கும் விறாந்தைக்கும் நடப்பேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் குளியலறைக்குள் நான் தனியாகப் போய், கதவுக் கொண்டியைப் போட்டு, குளித்துவிட்டு, தனியாக வெளியே வர வேண்டும்.

என் கணவரிடம் கேட்காமலே மேசனைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்த பையன்தான், இப்போது தாடியும் தொப்பையுமாக வந்து நின்றான். தொட்டியைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"டீச்சர், இத ஒடச்சி எடுத்தா மட்டும் காணா. கீழ குழி கிடக்கும். அத நிரப்பி, கொங்கிரீட் போட்டு, தண்ணி ஓடுற மாதிரி சரிவு குடுத்து, வழுக்காத டைல்ஸ் ஒட்டணும். தரையோட தரையா நடந்து போய் ஷவருக்குக் கீழ நிக்கலாம்."

"எவ்வளவு முடியும்?"

அவன் ஒரு கொப்பித் தாளில் எழுதித் தந்தான். மூன்று லட்சத்து எண்பத்தையாயிரம். எனக்குத் தலை சுற்றியது. சிவப்புப் பேனையை எடுத்தேன்.

"இந்தக் கண்ணாடிக் கதவு என்னத்துக்கு?"

"இப்ப எல்லாரும் போடுறாங்க டீச்சர். பாஷன்."

"எனக்கு இந்த வயசில பாஷனா? வெட்டு. சுடுதண்ணி மெசின்?"

"குளிருக்கு..."

"கல்முனையில எங்கடா தம்பி குளிர்? வெட்டு. இந்தச் சுவரை ரெண்டு தரம் அளந்திரிக்கிறாய். நான் படிப்பிச்ச கணக்கா இது?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். கடைசியில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு இறக்கினேன். அதற்குள் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கைபிடி ஒன்றும், மடித்து விரிக்கிற இருக்கை ஒன்றும் அடக்கம். என் ஓய்வுக் காசில் அந்தளவு இருந்தது.

அன்று பின்னேரம் அவரிடம் தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார்.

"கலியாணம் முடியட்டும், டீச்சர்." எரிச்சல் வந்தால் அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மகளுக்குச் சம்மாந்துறையில் பேசி முடித்திருந்தோம். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்துப் பெண் புறப்பட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. நாங்கள் பின் அறைக்கு ஒதுங்குவோம். ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் வந்தபோது என் கணவர் தொட்டிக் குழாயைத் திறந்துவேறு காட்டினார். அந்தப் பெருமைதான் மனுசனை உடைக்க விடவில்லை என்று நினைத்தேன். ஒரு கிழமை வாய்ச்சண்டை பிடித்தேன். சோற்றுக் கோப்பையை வைக்கும்போது கொஞ்சம் சத்தமாக வைத்தேன். கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

"சரி, தொட்டிய ஒடைங்க. ஆனா அந்தக் கைபிடியும் கதிரையும் இப்ப வேணாம்."

"அது இல்லாம நான் எப்பிடி நிக்கிற?"

"ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கும். வாறவங்க என்ன நினைப்பாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தொட்டி ஒரு பொருட்டே இல்லை. என் காலைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார். வருகிற மாப்பிள்ளைக்கு வீட்டோடு சேர்த்து ஒரு நோயாளி மாமியும் கிடைக்கிறாள் என்பதைக் கலியாணம் முடியும் வரைக்கும் வெளியே விடக் கூடாது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, வருவதற்கு முதலே என்னைக் கதிரையில் இருத்தி, கைத்தடியை அலுமாரிக்குப் பின்னால் வைத்தது அவர். சரி என்று தலையாட்டியது நான். மாப்பிள்ளையின் தாய் கட்டிப்பிடிக்க வந்தபோதும் நான் எழும்பவில்லை. காய்ச்சல் என்றேன். கூசாமல் பொய் சொன்னேன். அந்த மனுசி என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "பனடோல் போட்டீங்களா?" என்று கேட்டார். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

இரண்டு நாள் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள், அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம், ஓட்டோவைக் கூப்பிட்டுச் சம்மாந்துறைக்கு விடச் சொன்னேன். கைத்தடியை மடியில் வைத்திருந்தேன். அறுவடைக் காலம். வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போனது, முந்த இடமில்லை. பெண் வீட்டுக்காரி ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நிற்பதை ஊர் எப்படிக் கதைக்கும் என்று எனக்குத் தெரியாதா? கலியாணம் குழம்பினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? திரும்பிப் போவோமா என்று இரண்டு தரம் வாயெடுத்தேன். ஓட்டோக்காரர் பாட்டைக் கூட்டி வைத்திருந்ததால் கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். கைத்தடியோடு நான் இறங்குவதைக் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். ஸலாம் சொல்லி, உள்ளே இருத்தி, தேசிக்காய்த் தண்ணீர் தந்தார். நான் கிளாசை வாயில் வைக்கவில்லை.

"ராத்தா, நான் ஒண்டு சொல்லத்தான் வந்த. எனக்குக் கால் ஏலா. தொடையில தகடு வெச்சிரிக்கி. அண்டைக்குக் காய்ச்சல் எண்டு சொன்னது பொய். பாத்ரூமில இரிக்கிற தொட்டியையும் எடுக்கப் போறன், எனக்கு அதுக்குள்ள ஏற ஏலா. இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டு நீங்க ஓம் எண்டாலும் சரி, வேணாம் எண்டாலும் சரி."

அவர் கிளாசை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

"எப்பிடி?"

"உங்கட மகள் முதல் கிழமையே மகனுக்குச் சொல்லிட்டா. 'எங்கட உம்மாவ நான்தான் குளிப்பாட்டுற. கலியாணத்துக்குப் பொறகும் நான்தான் குளிப்பாட்டுவன். அதுக்குச் சம்மதம் எண்டா மட்டும் மேல கதைங்க' எண்டு. மகன் வந்து எனக்கிட்டச் சொன்ன. எங்களுக்கு அது பிடிச்சிப் போச்சி. தாயப் பாக்கிற புள்ள புருசனையும் பாப்பாதானே."

வேறு ஒருத்தியாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருப்பாள். நானும் வாயால் சொன்னேன். ஆனால் ஓட்டோவில் ஏறியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகள் என்னைப் பேசி முடித்திருந்தாள். நான் தனியாகக் குளிக்க வேண்டும் என்று ஒரு மேசனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவளோ காலம் முழுக்க என்னைக் குளிப்பாட்டுவதாக எங்கோ ஒரு பையனுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை அவள் தலைக்கு ஊற்றும்போது கேட்டேன்.

"சீதனத்தில வீடு, வளவு, அதோட சேத்து நானுமா?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"ஓம். நீங்களும்தான்."

"எனக்கிட்டக் கேட்டயா?"

"கேட்டா வேணாம் எண்டுதானே சொல்லுவீங்க."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் குனிந்து என் காலைத் தேய்த்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக. அன்று நாங்கள் இருவரும் அலுவலகத்துக் கதை ஒன்றும் கதைக்கவில்லை.

ஏழரைக்கு அவள் போனதும் மேசனுக்குப் போனில் கோல் எடுத்தேன். கைபிடி ஒன்றல்ல, இரண்டு போடச் சொன்னேன். என் கணவர் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் சம்மாந்துறைக்குப் போய்வந்ததையும், அவர்களுக்கு எல்லாம் முதலே தெரியும் என்பதையும் சொன்னேன். பிறகு அவர் தானே போய்க் குளியலறையில் இருந்த வாளிகளை வெளியே எடுத்து வைத்தார்.

வேலை பதினொரு நாள் இழுத்தது. தொட்டியை எடுத்தபோது அடியில் தண்ணீர் கசிந்து சுவரின் கால் ஊறிப்போயிருந்தது. அதற்கு முப்பதாயிரம் கூடுதல். இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தில் வந்து நின்றது. மேசன் கணக்கைக் கொண்டுவந்து தந்தபோது சிவப்புப் பேனையைத் தேட எனக்கு மனம் வரவில்லை. கதவுக்கு உள்பக்கம் புதுக் கொண்டி ஒன்றைப் போடச் சொன்னேன். மகள் அதற்கு மட்டும் சண்டை பிடித்தாள்.

"உள்ளுக்கு விழுந்தா நாங்க எப்பிடி வாற? கொண்டி வேணாம் உம்மா."

"கொண்டி இல்லாட்டி எனக்கு இந்த வேலையே வேணாம்" என்றேன். விட்டுவிட்டாள்.

முதல் நாள் தனியாக உள்ளே போனேன். தரை தரையாகவே போனது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கொண்டியைப் போட்டேன். தண்ணீரைத் திறந்ததும் தலையில் விழுந்து, தோளில் வழிந்து, நான் குனியாமலே இடது காலின் விரல் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அந்தக் காலை யாரும் தொடாமல் நானே நனைத்தேன். அழுதேன். சொல்ல எனக்கென்ன வெட்கம். அன்று மூன்று தரம் குளித்தேன். அவர் கூரையில் இருந்த தாங்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "டீச்சர், எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றார்.

ஆறரை மணிக்கு மகளுக்கு வேலை இல்லாமல் போனது. தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு குசினியில் நிற்பாள். போனைப் பார்ப்பாள். நிக்காஹ்வுக்கு மூன்று கிழமை இருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஏழரை ஆகப்போகிற நேரம், நான் உள்ளே நின்றிருக்கும்போது கதவை மெதுவாகத் தட்டினாள்.

"உம்மா, முதுகு தேச்சி விடட்டா?"

"வேணாம் மகள். எனக்கு ஏலும்."

"சரி உம்மா" என்றாள். செருப்புச் சத்தம் போனது.

முதுகு எனக்கு எட்டவில்லை. வலது கையால் முயன்றேன், இடது கையால் முயன்றேன், பிறகு முதுகைத் தண்ணீருக்குக் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டு லட்சத்து எழுபதாயிரம் செலவழித்து நான் வாங்கியது அந்த வேணாம் என்ற சொல்லைத்தான். கேட்டவளோ என் பிள்ளை. தண்ணீரை மூடினேன். கொண்டியைத் திறந்து, கதவை ஒரு விரல் அளவு நீக்கி, அவளைக் கூப்பிட்டேன். சத்தம் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

விறாந்தையில் இருந்து அவர் குரல் கேட்டது.

"மகள் வேலைக்குப் போய்ட்டா. என்ன வேணும்?"

"ஒண்டுமில்ல" என்றேன்.