இரண்டாவது பெயர் என்னுடையது

ஸகோர்கா அக்கா என்னைக் கேட்காமல் என் பெயரை ஒரு வேலைக்கு எழுதிக் கொடுத்தாள். அதற்காகத்தான் எனக்குக் கோபம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அது இல்லை. நான் எப்படியும் தோற்றுப்போவேன் என்று உறுதியாக நம்பி எழுதிக் கொடுத்தாள். அதுதான் என் குறை. இருபது வருடமாகப் பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நார் மாதிரி அது என்னிடம் இருக்கிறது. அக்கா இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், சர்க்கரை போட்ட கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாங்கிக்கொண்டு எல்லோரும் அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் கோதுமையை மென்றுகொண்டிருந்தேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

திமோக் ஆற்றுப் பக்கம் ஆண்கள் இரண்டே வகை. வியன்னா போனவர்கள், வியன்னா போகப் போகிறவர்கள். போனவர்கள் ஆகஸ்டில் பெரிய காரில் வருவார்கள், ஒரு கல்யாணம் நடத்துவார்கள், வாசலில் கல் சிங்கம் வைத்த வீட்டுக்கு இன்னொரு மாடி எழுப்புவார்கள், ஜன்னலை அடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகள் இங்கே வளரும். என் அப்பாவும் அப்படி வந்து போனவர்தான். அவர் வந்தால் நான் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேனாம், யாரோ அந்நிய ஆள் என்று.

நான் செங்கல் சூளையில் இருந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சூளையை மூடப்போவதாகச் சொன்ன வருடம் என் மகள் நடக்கப் பழகியிருந்தாள். வியன்னாவில் கட்டட வேலைக்கு மச்சான் ஒருவன் இடம் பிடித்து வைத்திருந்தான். நவம்பரில் திமித்ரியார் திருநாள் கழிந்ததும் பஸ் ஏறுவதாக ஏற்பாடு. என் மனைவி ஸ்மில்யா பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஸகோர்கா அக்கா பக்கத்து வீடு. சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவளாக இருந்தாள். புருஷன் வியன்னா போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். தொழிற்சாலையும் மூடியது. அதற்குப் பிறகு ஊராட்சி அலுவலகப் பலகையில் எந்த வேலை அறிவிப்பு ஒட்டினாலும் அக்கா விண்ணப்பம் போட்டாள். தபால் நிலையம், பள்ளிக்கூட எழுத்தர், வானிலைக் கூடத்தில் மழை அளக்கும் வேலை. கால்நடை மருத்துவமனை உதவியாளர் வேலைக்கும் போட்டாள், நாயைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவள். எந்த வேலைக்கும் அவர்கள் கேட்ட படிப்பு அவளிடம் முழுசாக இருந்ததில்லை. நேர்காணல் நாளில் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு, சந்து வழியாகப் போகாமல் கடைவீதி நடுவே நடந்து போவாள். திரும்பும்போதும் அதே வழிதான். சாராயக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள், "இன்னிக்கு எந்த மந்திரி பதவிக்குக்கா?" என்று கேட்பார்கள். "உம் பொண்டாட்டி பதவி காலியா இருக்குதான்னு கேட்டேன், அதுக்கு ரொம்பப் பொறுமை வேணுமாம்டா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நான் ஒருமுறை கேட்டேன், தகுதி இல்லை என்று தெரிந்தே ஏன் போடுகிறீர்கள் என்று. அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் எழுதுகிறார்கள், என்னிடம் என்ன இருக்கிறது என்று நான் எழுதுகிறேன், வேண்டாம் என்று சொல்வது அவர்கள் வேலை, அதைச் சம்பளம் வாங்காமல் நான் எதற்குச் செய்ய வேண்டும் என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலகத்தில் கொதிகலன் பார்க்கும் வேலைக்கு அறிவிப்பு வந்தது. தொழிற்பள்ளிப் படிப்பு, கொதிகலன் தேர்வு, அனுபவம், அதோடு 'ஜெர்மன் மொழி ஓரளவு'. எங்கள் பக்கம் அறிவிப்பைப் படிக்கிற விதமே வேறு. என்ன வேலை என்று பார்க்கமாட்டோம், யாருக்காக எழுதியது என்று பார்ப்போம். வேலைக்கு ஆளை முடிவு செய்துவிட்டு, அந்த ஆளின் அளவெடுத்துத்தான் அறிவிப்பைத் தைப்பார்கள். கொதிகலனுக்கு ஜெர்மன் எதற்கு? ஊராட்சித் தலைவரின் மருமகன் வியன்னாவிலிருந்து திரும்பியிருந்தான். சரி, அவனுக்குத்தான் என்று ஊர் முழுக்க முடிவு செய்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அக்காவைத் தவிர ஒருவரும் விண்ணப்பம் போடவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த மருமகனும் எங்கள் ஊர்க்காரன். அவனும் எங்களைப் போலவே அறிவிப்பைப் படித்துவிட்டு, பாதிரியாரின் தம்பி மகன் ஜெர்மன் படித்தவன், இது அவனுக்காக எழுதியது, நாம் குறுக்கே போனால் மனஸ்தாபம் வரும் என்று ஒதுங்கிவிட்டான். பாதிரியாரின் தம்பி மகன் மருமகனுக்காக ஒதுங்கினான். உண்மையில் குளியலக எழுத்தர் வேறு ஊர்க் குளியலகத்தின் பழைய அறிவிப்பை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே ஆஸ்திரியக் கிழவர்கள் குளிக்க வருவார்களாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

குளியலகக் கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று சூளையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். சாராயக் கடை வாசலில் ஒருவன் எழுந்து நின்று எனக்கு ஜெர்மனில் வணக்கம் சொன்னான். இன்னொருவன், "வெந்நீருக்கு அதிபதி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போய்ப் பார்த்தேன். இரண்டே பெயர். முதலாவது ஸகோர்கா. இரண்டாவது மிலுதின், அதாவது நான்.

அக்கா முற்றத்தில் சிவப்பு மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். தெருவெல்லாம் அந்த வாசனை. நான் வேலியைத் தாண்டியே போனேன்.

"யாரக் கேட்டு எம் பேரக் குடுத்தீங்க?"

"உம் பொண்டாட்டியக் கேட்டு. கையெழுத்தும் அவதான் போட்டா. ஒன்னவிட நல்லாவே போடுறா."

"நான் ஆறாங்கிளாஸுக்கா."

அக்கா மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "அதனாலதான் ஒன்ன எடுத்தேன். ஒத்த ஆளுன்னா அறிவிப்ப ரத்து பண்ணிருவாங்க, அங்க விதி அப்படி. ரெண்டாவதா ஒரு பேரு வேணும். என்னவிடக் கொறஞ்ச பேரா வேணும். தெரு பூராத் தேடிப் பாத்தேன், நீதான் கெடச்ச."

ஒரு மனிதனிடம் இதை முகத்துக்கு நேரே சொல்வார்களா? சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு மிளகாயைத் தோலுரித்து, உப்பும் பூண்டும் தொட்டு, ரொட்டியில் வைத்துக் கையில் கொடுத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே நின்றேன்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சட்டையப் போட்டுட்டு வந்து ஒக்காரு. எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. எந்திரிச்சு வந்துரு. இந்த ஒதவியச் செய்யிடா, எனக்கு இந்த வேல வேணும். எம் பையன் ஆஸ்திரியாவுல கிராட்ஸுல இருக்கான், அங்க வந்துரும்மாங்கறான். அவன் வீட்டுச் சோபாவுல கெடந்து சாக எனக்கு இஷ்டமில்ல."

போனேன். ஸ்மில்யா சட்டையை இரண்டு முறை தேய்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே மூன்று பேர். குளியலக இயக்குநர் ராதோய்கோ, ஊராட்சிப் பொறியாளரான ஒரு அம்மா, ஒரு ஆசிரியர். அக்கா முதலில் போனாள். கதவுக்கு வெளியே அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது, அவர்கள் குரல் கேட்கவே இல்லை. வெளியே வந்து என் காலரைச் சரிசெய்துவிட்டு, "சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

இருந்தது. நீராவி அழுத்தம் பற்றிக் கேட்டார்கள், தெரியாது என்றேன். ஜெர்மன்? தெரியாது. தொழிற்பள்ளி எதுவரை? போனதில்லை. பொறியாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பிறகு எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அதற்கு அக்கா பதில் சொல்லித் தரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வரச் சொன்னாள் என்று சொல்ல முடியுமா? எனக்கு வாயில் வந்தது இதுதான்: இது கிடைக்காவிட்டால் வியன்னா போக வேண்டும், என் மகள் இப்போதுதான் என்னை அப்பா என்கிறாள். சொன்ன பிறகு எனக்கே முகம் சுட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கதவில் என் பெயர் ஒட்டியிருந்தது. ஆறு மாதத்துக்குள் கொதிகலன் தேர்வு எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஏன் என்று ராதோய்கோவிடம் பின்னால் ஒருநாள் கேட்டேன். "அந்தம்மா கொதிகலன் வேலைக்கு வந்தாங்களா என் நாற்காலிக்கு வந்தாங்களான்னே எனக்குப் புரியல. தொறக்குற நேரத்த மாத்தணும், பொம்பளைங்க பக்கம் ஓடு ஒடஞ்சிருக்கு, டிக்கெட் குடுக்குறவன் தூங்குறான்னு வரிசையாச் சொன்னாங்க. எல்லாம் நெசம்தான். அதான் பயம். ஒன்ன நான் பயிற்சிக்கு அனுப்பலாம். அவங்க என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றார்.

அக்கா என்னிடம் பேசவில்லை. எதிரே பார்த்தால் கூடையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு போவாள். நான் செய்த தப்பு என்ன? சொன்னபடி செய்தேன். பஸ் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று ஸ்மில்யா ஒரு முழுச் சீஸ் அடையைச் சுட்டு வேலிக்கு மேலாக அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். தட்டு மட்டும் திரும்பவில்லை.

நான் கொதிகலன் தேர்வில் முதல் தடவை தோற்றேன். அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எனக்குக் கெடைக்க வேண்டியத வாங்கிட்டு அதக் காப்பாத்தத் தெரியலன்னா ஒன்ன வேலியோட சேத்து எரிச்சிருவேன்." அத்தோடு பேச்சு ஒட்டிக்கொண்டது. ஸ்மில்யா பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், நான் கேட்பேன், அக்கா அவள் வீட்டு ஜன்னலிலிருந்து, "மறுபடி படி, அவன் மண்டையில ஏறியிருக்காது" என்பாள். அடுத்த தடவை தேறினேன்.

அவள் விண்ணப்பம் போடுவதை நிறுத்தவில்லை. சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடச் சமையலறைக்குத் தலைமைச் சமையல்காரி வேலைக்குப் போட்டாள். சான்றிதழ் இல்லை என்று உதவியாளாக எடுத்தார்கள். தலைமைச் சமையல்காரி ஓய்வு பெற்றதும் அந்த இடமும் இவளுக்கே வந்தது. கிராட்ஸ் சோபாவில் போய் அவள் படுக்கவே இல்லை. என் மகள் அவள் கையால் பீன்ஸ் சூப் குடித்துத்தான் எட்டு வகுப்பும் முடித்தாள்.

என் குறையை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். இரண்டு கோப்பை பிளம் சாராயம் உள்ளே போனால் போதும். "நான் தோப்பேன்னுதானக்கா எம் பேர எழுதுனீங்க?"

"ஆமாடா. தப்பா நெனச்சேன். அதுல போனது என்னோட வேல. வந்தது ஒன்னோட வேல. அழ வேண்டியவ நான் சும்மா இருக்கேன், நீ ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

எத்தனையோ காலை கொதிகலனைப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறேன். என் மகள் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவாள், என்னைப் பார்த்துக் கையாட்டுவாள். ஒளிந்துகொண்டதில்லை. அது யார் கொடுத்தது? நல்ல மனசோடு கொடுக்கவில்லைதான். கொடுத்தது கொடுத்ததுதான்.

இந்த வருடம் குளியலகத்தில் டிக்கெட் ஜன்னலுக்கு ஆள் கேட்டிருந்தோம். தேர்வுக் குழுவில் இப்போது நானும் ஒருவன். கணினி தெரிய வேண்டும், ஜெர்மன் தெரிய வேண்டும், இந்தத் தடவை உண்மையாகவே. வந்த விண்ணப்பங்களில் அக்காவின் பெயர் இருந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவள், வயது வரம்பு தாண்டியவள், அதோடு நகரத்து மருத்துவமனையில் நுரையீரலில் தண்ணீர் கோத்துப் படுத்திருக்கிறவள். நர்சிடம் உறை வாங்கி அங்கிருந்தே அனுப்பியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கையில் ஊசி, மூக்கில் குழாய். கொண்டுபோன திராட்சையைப் பார்த்து, கொட்டை இருக்கிற திராட்சையை நோயாளிக்கு யார் வாங்குவார்கள் என்று திட்டினாள். பிறகு எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். நிறையப் பேர், ஒன்பதோ பத்தோ என்றேன்.

"அப்படியா" என்றாள். கண் கொஞ்சம் பெரிதானது. "இப்ப ஜனங்க போடுதுங்களே."

"அக்கா, ஜெர்மன் கேக்குறாங்க."

"கேக்கட்டும். நேர்காணல் வியாழக்கெழமதான?"

"ஆமா."

"டாக்டரு புதன்கெழம வரைக்கும் விடமாட்டாரு. இங்கேருந்து காலையில ஒரே பஸ்ஸு, அதுவும் எல்லா ஊருலயும் நின்னுதான் வரும்." மூச்சு வாங்கியது. குழாயைச் சரிசெய்துகொண்டு என் சட்டைக் கையைப் பிடித்தாள். "எம் பேரக் கடைசியாக் கூப்பிடுடா."