ஆக்ரா கோட்டையில் கேட்ட பசுவந்தனைப் பேச்சு

இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "மே மாச வெயிலு, தலைக்கு ஏறியிருக்கும்." கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. என் பெயர் வேல்ராஜ். கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறேன். வெயில் எனக்குப் புதிதில்லை. கண்டதையும் கேட்டதையும் அப்படியே சொல்கிறேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை.

போன வருஷம் நானும் மனைவி ஆனந்தியும் வடக்கே டூர் போனோம். முதல் நாளிலிருந்தே எனக்கு எதுவும் சரிப்படவில்லை. சாப்பாடு சேரவில்லை. இந்தி ஒரு எழுத்துகூடத் தெரியாது. போகிற இடமெல்லாம் டூர் மேனேஜர் ஆட்டு மந்தையைப் போல விரட்டினார். ஆக்ரா கோட்டைக்குள் நுழையும்போது மதியம் ஒன்றரை இருக்கும். "மூணு மணிக்கு பஸ் கிளம்பிரும். வராதவங்கள விட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

சிவப்புக் கல் சுவர்கள் அடுப்பாகக் காந்தின. உள்ளே அரண்மனை முடிகிற மாதிரியே தெரியவில்லை. ஒரு முற்றம், ஒரு வாசல், மறுபடி ஒரு முற்றம். மாடத்தில் நின்றால் தாஜ்மகால் தெரியும் என்று ஆனந்தி கூட்டத்தோடு முன்னால் ஓடிவிட்டாள். என் செருப்பு வார் அறுந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் கூட்டத்தில் ஒருவரையும் காணோம்.

எந்த வாசலில் புகுந்தாலும் பூட்டிய கம்பிக் கதவில் போய் முட்டினேன். காவலாளியிடம் கேட்டால் இந்தியில் ஏதோ சொல்லிக் கையை வீசினார். போனில் சிக்னல் வந்து வந்து போனது. சுவரை உதைக்கலாம் போல இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது.

"அண்ணாச்சி... பஸ்ஸு எங்கன நிக்கி?"

எங்க ஊர்ப் பேச்சு. திரும்பினேன். நீலச் சேலை கட்டிய ஒரு பெண். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பாள்.

"எந்த ஊரு யக்கா?"

"பசுவந்தனை. பேரு முத்துத்தாய். கூட வந்தவிய இங்கனயே உக்காருன்னு சொல்லிட்டுப் போனாவ. ஒருத்தரும் திரும்பி வரல."

"எப்ப போனாவ?"

அவள் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள்.

"நான் கோவில்பட்டி. உரக்கடை. உங்க ஊருக்கு நம்ம கடையிலேருந்துதான் சரக்கு போவுது. வாங்க, சேந்தே வழியத் தேடுவோம்" என்றேன். பாதி எரிச்சல் இறங்கியிருந்தது.

நடந்தோம். அறுந்த செருப்பு நழுவி என் உள்ளங்கால் கல்லில் பட்டது. துள்ளிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். அவள் காலில் செருப்பே இல்லை. அதே கல்லில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"சுடலியா யக்கா?"

"மொதல்ல சுட்டுச்சு. இப்ப இல்ல."

நான் வேகமாகப் போனால் பின்தங்கினாள். நின்றால் அவளும் நின்றாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு காவலாளி எதிரே வந்தார். எங்கள் இருவரையும் காட்டி, இரண்டு விரலை நீட்டி, வெளியே போக வழி கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் காட்டி ஒற்றை விரலை நீட்டினார். தலையை ஆட்டிக்கொண்டே வேகமாகப் போய்விட்டார்.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. ஆனந்தி.

"எங்கன இருக்கிய? எல்லாரும் பஸ்ல ஏறியாச்சு!"

"வாரேன்ட்டி. நம்ம பக்கத்துப் பொம்பள ஒருத்தி வழி தெரியாம..."

"அது சரி, அவ எதுக்கு இந்த அழுகை அழுவுறா?"

திரும்பிப் பார்த்தேன்.

முத்துத்தாய் அழவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

போனில் இப்போது எனக்கும் கேட்டது. விக்கி விக்கி... ஒரு பெண்ணின் அழுகை.

லைன் அறுந்தது.

போனைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தேன். எப்படியாவது வெளியே போனால் போதும். அடுத்த திருப்பத்திலேயே கோட்டை வாசலுக்கு இறங்கும் சரிவு தெரிந்தது. அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"எங்க பஸ்ஸு போயிருக்கும் அண்ணாச்சி. நான் எப்படி ஊரு போய்ச் சேர?"

பயம், வெயில், பஸ் ஹாரன். எல்லாம் சேர்ந்து கத்திவிட்டேன். "எங்க கூடயே வாங்க யக்கா! கோவில்பட்டிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

"நெசமாவா?"

"நெசமாத்தான்!"

அவள் சிரித்தாள்.

வாசலைத் தாண்டித் திரும்பினேன். சரிவு காலியாக இருந்தது. தேடிப் போக முயன்றேன். காவலர்கள் மறுபடி உள்ளே விடவில்லை. சைகை காட்டிக் கெஞ்சினேன். யாருக்கும் புரியவில்லை. பஸ்ஸில் அத்தனை பேரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். நீலச் சேலையை ஒருவரும் பார்க்கவில்லையாம்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் அன்று இரவு ஆனந்தி என்னை உலுக்கினாள்.

"ஏங்க... உங்க காலுமாட்டுல யாரு உக்காந்திருக்கா?"

விளக்கைப் போட்டேன்.

யாருமில்லை.

படுக்கை மட்டும்... அந்த இடத்தில் அமுங்கியிருந்தது.

ஒரு விடியற்காலையில் கோவில்பட்டியில் இறங்கினோம். அதன் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அந்தப் பெண் பத்திரமாக வந்துவிட்டாளா என்று பார்த்தே தீருவதென்று ஒருநாள் பசுவந்தனைக்குக் கிளம்பினேன். முத்துத்தாய் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். கதவைத் திறந்தது அவளுடைய மகள் தங்கமாரி. நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"கோவில்பட்டி உரக்கடை அண்ணாச்சியா?"

"ஆமா... உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முகம் வெளிறிவிட்டது. அவளுடைய அம்மா ஆக்ரா கோட்டையில் வெயில் தாங்காமல் விழுந்து இறந்துபோய் மூன்று வருஷமாகிறதாம். அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலைக் கொண்டுவந்தார்களாம்.

"போன வியாழனுக்கு முந்தின வியாழன் விடியக்காலம் கதவத் தட்டுனா அண்ணாச்சி. எங்க அம்ம கொரலேதான். 'ஏட்டி தங்கமாரி, தொற. கோவில்பட்டி உரக்கடை அண்ணாச்சி என்னையக் கூட்டியாந்துட்டாவ'ன்னா."

அவள் சொன்ன கிழமையும் நாங்கள் ரயிலிலிருந்து இறங்கிய கிழமையும் ஒன்று.

"தொறந்தியா தாயி?"

"தொறக்கல. தாப்பாள இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் நின்னா. பொறவு..."

"பொறவு?"

"'சரிட்டி, நான் அண்ணாச்சி வீட்டுலயே இருந்துக்கிடுதேன்'னு சொல்லிட்டுப் போயிட்டா."

ஊர் திரும்பி அன்றோடு பதினொரு நாள். நான் கடைக்குப் போன பிறகு ஆனந்தி வீட்டில் தனியாக இருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.