இக்காஸ்டில் நான் வைத்திருந்த வஞ்சம்

எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் துணி பின்னும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. பக்கத்து மெஷினில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தன் மெஷினில் பழுதான துணியை நான் பழுதாக்கியதாக மேற்பார்வை பார்க்கும் போர்மனிடம் சொல்லிவிட்டார். மறுத்துச் சொல்ல அன்று என்னிடம் டேனிஷ் இல்லை. மெஷினைப் பறித்துக்கொண்டு, நிலம் கூட்டத் தும்புத்தடியைத் தந்தார்கள்.

எட்டு மாதம் நூல் தூசியைக் கூட்டினேன். அவருடைய சைக்கிள் டயரைக் கிழிக்கலாமா, கோப்பியில் மெஷின் எண்ணெயை ஊற்றலாமா என்றே யோசித்தேன். ஞாயிறு தேவாலயப் பூசையில் அவருக்குப் பின்வரிசையில் இருந்து அவர் பிடரியையே பார்ப்பேன். செபத்தில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் வாயை மூடிக்கொள்வேன்.

வியட்நாமிலிருந்து வந்த சீனப் பெண் ஒருத்தி என்னோடு கூட்டினாள். அவளிடம் மட்டும் இதைச் சொன்னேன். தெரிந்த டேனிஷில் அவள் ஒரு கதை சொன்னாள். பழைய சீனாவில் இரண்டு நாடுகளின் எல்லைக்கு இருபுறமும் இரண்டு ஊர்கள். ஓர் ஊரில் வெள்ளரி செழித்தது. பொறாமையில் மற்ற ஊரார் இரவில் வந்து கொடிகளைப் பிய்த்தார்கள். பதிலுக்குப் பிய்க்கக் கிளம்பியவர்களை அவர்கள் ஊர் அதிகாரி தடுத்து, எதிரியின் கொடிகளுக்கு இரகசியமாகத் தண்ணீர் ஊற்ற வைத்தார். விஷயம் தெரிந்ததும் எதிரி நாட்டு அரசன் வெட்கப்பட்டு, பரிசு அனுப்பி நட்பானான்.

எனக்கு அந்த அதிகாரி மேல் ஆத்திரம்தான் வந்தது. அரசன் வெட்கப்பட்டது மட்டும் பிடித்திருந்தது.

ஒரு காலை அந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்தார். அவர் மெஷினில் ஊசி உடைந்து, வெள்ளைத் துணியில் நெடுகக் கோடு விழுந்துகொண்டிருந்தது. போர்மன் சுற்றிவரும் நேரம். தும்புத்தடியை ஊன்றி நின்று பார்த்தேன். ஒரு முழம், இரண்டு முழம். அவ்வளவு இனிப்பாக இருந்தது. பிறகு மெஷினை நிறுத்தி, ஊசியை மாற்றி, மறுபடி ஓடவிட்டேன். உடைந்த ஊசியை அவர் மேசையில் வைத்தேன்.

மத்தியானம் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, நீர் பேசாமல் போயிருக்கலாமே. ஏன் நிப்பாட்டினீர்?"

"நல்லவன் எண்டு நினைக்காதேங்கோ அண்ணை. உங்களை வெக்கப்படுத்தத்தான் செய்தனான்."

அவர் நேரே போர்மனிடம் போய், அந்தப் பழைய துணி தன் பிழை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு மெஷின் திரும்பக் கிடைத்தது. தும்புத்தடி அவர் கைக்குப் போனது. முதல் வாரம், அவர் கூட்டவென்றே நூலைக் கீழே போட்டேன். அவர் குனிந்து பொறுக்கினார். அதன்பின் போட மனம் வரவில்லை.

அடுத்த வருஷம் ஊரிலிருந்து என் மனைவி வந்து இறங்கியபோது, இரவல் காரோடு விமான நிலையத்துக்கு வந்தவர் அவர்தான். வழி நெடுக அவளோடு ஊர்க்கதை கதைத்தார். பின்சீட்டில் இருந்து நான் பழையபடி அவர் பிடரியைப் பார்த்தேன். கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் இறங்கியதும், சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று நான்தான் மறித்தேன்.