ஒரு சாண் உயர வாசற்படி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நீலப் பலகை நிற்கிறது. இது பாதுகாக்கப்பட்ட வீடு, எதையும் மாற்றக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டைப் பாதுகாக்கிறார்கள், சரி. உள்ளே இருக்கிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நாயக்கர் காலத்து மரவேலை என்கிறார்கள். இருக்கட்டும். நான் பிறந்ததும் இங்கேதான், பட்டு நெய்கிறதும் இங்கேதான். கூடத்தில் கல்லின் மேல் நிற்கிற மரத்தூண்கள், தூண் தலையில் செதுக்கு வேலை செய்த போதிகைக் கட்டை, அதன்மேல் உத்தரம், கூரையைத் தாங்கி அதிலிருந்து இறங்கும் கைமரங்கள். எங்கே தேடினாலும் ஓர் இரும்பு ஆணி கிடைக்காது. மரத்தில் துளை போட்டு மரத்தையே செருகி, ஆப்பு அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சுவரெல்லாம் தூண்களுக்கு நடுவில் அடைத்த மண்தான். ஒரு மழையில் பின்பக்கச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. கூரை அசையவே இல்லை. நாங்கள்தான் அலறியடித்துத் தெருவுக்கு ஓடினோம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து "அடேயப்பா" என்பார்கள். எங்கள் தொல்லை தரையில் இருந்தது.

தெருவாசல் நிலையைச் சொல்கிறேன். நாலு பக்கமும் கட்டை, அடிக்கட்டைதான் வாசற்படி. ஒரு சாண் உயரம். என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து சக்கர நாற்காலியில் வந்த அன்று நாற்காலி அதில் முட்டிக்கொண்டு நின்றது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி உள்ளே வைத்தோம். அதற்கப்புறம் அவள் வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான், அதுவும் மூட்டை மாதிரி. படிமேல் ஒரு மரப்பலகையைச் சரிவாகப் போட்டுப் பார்த்தேன். நாற்காலி சாய்ந்து, நல்ல வேளை, என்மேல் விழுந்தாள். "இனிமே பலகைன்னு பேச்செடுத்தீங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டாள்.

தெருவிலேயே வளைய வந்த மனுஷி. காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டும்போது எங்கே இழை அறுந்தது என்று எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவள். பூக்காரியோடு அரைமணி நேரம் பேசினால்தான் அவளுக்குப் பூ வாங்கின மாதிரி இருக்கும். இந்த வருஷம் சாமி புறப்பாட்டின்போது படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, வாசலை மறைத்து நின்றவர்களின் முதுகைக் கும்பிட்டாள். 

படியை அறுத்தெடுக்க அனுமதி கேட்டு, அந்த நீலப் பலகையை வைத்த ஆபீசுக்கு அலைந்தேன். தறியை நிறுத்திவிட்டுப் போவேன். சார் மீட்டிங்கில் இருப்பார். மறுபடி போவேன், சார் மாற்றலாகிப் போயிருப்பார். ஒரு கட்டத்தில் எதற்காக வந்தேன் என்று எனக்கே சலித்துப்போய், அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறேன்.

கடைசியில் புதிதாக வந்த அதிகாரி, என் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண், நேரிலேயே வந்தார். படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"எனக்குப் புரியுதுங்கய்யா. ஆனா இதுல ஒரு கீறல்கூட போட முடியாது. இந்த வீட்ல ஆணியே கிடையாது, எல்லாம் ஆப்புலதான் நிக்குது. ஒண்ண அறுத்தா இன்னொண்ணு தளரும்."

"அப்ப இவ எப்படிமா வெளிய போறது?"

மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவர் தலை மறைந்ததும் என் மனைவி, "ஏங்க, அத அறுப்பானேன்? கழட்டலாமே" என்றாள்.

"எத?"

"படியத்தான். எடது பக்கம் மூலையில ஒரு ஆப்பு இருக்குது."

மாத்திரை மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் தெளிவாகத்தான் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் படியைக் கழுவி மஞ்சள் பூசியவள் அவள். மூலையில் துடைக்கும்போது சின்னக் கட்டை ஒன்று விரலுக்கடியில் ஆடுமாம். பிறகு எல்லா வீட்டையும் போல நாங்களும் மஞ்சள் பெயிண்டுக்கு மாறினோம். வாசலில் நீலப் பலகை வருகிறவரை பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட்டிங் அடித்தவன் நான். ஆப்பு பெயிண்டுக்குள் போய்விட்டது. வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்று வளர்ந்த கால்கள் எங்களுடையவை. அது ஆடுமா ஆடாதா என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

"அடிப்பாவி, இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"ஆடுதுன்னா பழசுன்னு நெனச்சேன். ஆப்புலதான் நிக்குதுன்னு இப்பத்தான அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அது கெடக்கட்டும், நீங்க ஊரையெல்லாம் கேட்டுக்கினு இருந்தீங்க. எங்கிட்ட கேட்டீங்களா?"

அதிகாரிக்குப் போன் செய்தேன். "நான் வர்ற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். பிளேடால் அவரே சுரண்டினார். மஞ்சளுக்கடியில் மஞ்சள், அதற்கடியிலும் மஞ்சள், அப்புறம் கறுப்பு மரம். கட்டைவிரல் அகலத்தில் ஆப்பு தெரிந்தது. மரச்சுத்தியால் மெல்லத் தட்டினேன். பல் பிடுங்கின மாதிரி வந்தது.

நானும் பக்கத்து வீட்டுக்காரரும் முக்கி முனகிப் படியைத் தூக்கி ஓரமாக வைத்தோம். மழைத்தண்ணீர் படுகிற கட்டை, இற்றுப்போனால் இதை மட்டும் மாற்றட்டும் என்று அப்போதே யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்றார் அதிகாரி. நிலையின் இரண்டு கால்களும் அடிக்கல்லுக்குள் இறங்கியிருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படி இல்லாமலும் நிலை நிற்கும், பகலில் கழற்றிவைக்கலாம், ராத்திரி மாட்டிவிட வேண்டும் என்றார். தினமும் இரண்டு வேளை தூக்க வேண்டும். என் முதுகின் தலையெழுத்து.

தெருவுக்குத் தார்மேல் தார் போட்டு ரோடு எங்கள் வாசல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்த அந்த ரோட்டில் நாற்காலி தானாக உருண்டது.

அதிகாரி வாசலில் மண்டியிட்டு ஆப்பு இருந்த துளையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை வீட்டைப் பார்க்கத் திருப்பினேன். முற்றத்து வெயில் பட்ட கூடத்துப் போதிகைகள் வாசல் வழியே அழகாகத்தான் தெரிந்தன.

"ஏங்க, இன்னாத்துக்கு இந்தப் பக்கம் திருப்பறீங்க? இதத்தான உள்ள இருந்து பாத்துக்கினு கெடந்தேன். தெருவப் பாக்க வுடுங்க."

திருப்பிவிட்டேன். தெருவில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கேன் வண்டி ஒன்று, வெயிலில் படுத்திருந்த ஒரு நாய்.

"போதுமா?"

"நீங்க போய் தறியில ஒக்காருங்க. உள்ள வரணும்னா கூப்புடறேன்."

போய் உட்கார்ந்தேன். மதியம் தாண்டியும் அவள் கூப்பிடவில்லை.