மூக்குக்குக் கொடுத்த கூலி

எங்கள் துறைமுக ஊரான சிம்போத்தேயில் மீன்மாவு ஆலை ஓடினால் ஊரே நாறும், ஊரே சிரிக்கும். நாற்றம் வந்தால் மீன் வந்தது, வேலை வந்தது என்று பொருள்.

என் பக்கத்து வீட்டு செகுந்தோ அந்த ஆலையில் தொட்டி கழுவுகிறவன். மீன் வெந்து வடிந்த கசடு முழங்கால்வரை நிற்கும். அதற்குள் இறங்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் அவனுக்கு இரண்டு மடங்கு கூலி. "பாதி என் கைக்கு, பாதி என் மூக்குக்கு" என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குள் எத்தனை வேதனை! எலுமிச்சை தேய்த்துக் குளித்தாலும் உடம்பை விட்டு நாற்றம் போகாது. மனைவி எதெல்மிரா முகம் சுளித்ததில்லை. அவனாகவே சமையலறைப் பெஞ்சில் படுத்துக்கொள்வான். அவளுக்கு ஒரே கனவு, வீட்டுக்கு ஒரு மாடி. அந்தக் கூலி செங்கல்லாகிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் ஊர் நாறிக்கொண்டிருக்க, செகுந்தோ மட்டும் நாறாமல் வீட்டுக்கு வந்தான்.

எதெல்மிரா அவன் சட்டையை முகர்ந்தாள். அவ்வளவுதான்!

"எவ அவ?"

"எவ?"

"நடிக்காதே கிழவா! ஊரே நாறுது, நீ மட்டும் சோம்பு வாசத்தோட வர்றே. யாரு தடவிவிட்டா?"

"மாவுடி..."

"மாவா? அதுதான் அவ பேரா?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"பாஸ்குவாலோட ரொட்டிக்கடைல சோம்பு போட்டு மாவு பிசையறேன். ஆலைக்கு லீவு போட்டிருக்கேன். அங்கேயே இருந்துடுன்னு சொல்றாரு. ஆனா சம்பளம் பாதிதான்."

"அப்போ மாடி?" என்றாள் அவள்.

"அதான், நாளைக்கே அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன்." "ஒண்ணு தெரியுமா கிழவி? அங்கே பாடிக்கிட்டே வேலை செஞ்சேன். தொட்டிக்குள்ள வாயைத் திறக்கவே முடியாது."

எதெல்மிரா அவனையே பார்த்தாள். மணம் புரிந்த புதிதில் தெரு முழுக்கக் கேட்கும்படி பாடுகிறவன் அவன். அந்தப் பாட்டு எப்போது நின்றது என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. அந்த எண்ணம்தான் அவள் நெஞ்சைப் பிளந்தது.

"எழுந்திரு" என்றாள். "பெஞ்சுல என்ன உட்கார்ந்திருக்கே? உள்ளே கட்டில் இருக்கு."

மறுநாள் காலை ஆலை மேஸ்திரி வாசலில் வந்து நின்றார். "செகுந்தோ, தொட்டில இறங்க ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். கூலியைக் கூட்டித் தர்றோம்பா."

செகுந்தோ மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் எவ்வளவு என்று கேட்கத் துடித்த உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இனிமே இறங்கப்போற பாவிக்கு அதை மறக்காம குடுங்க மேஸ்திரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

பிறகு அந்தக் கதவிலேயே சாய்ந்து, கட்டப்படாத மாடிக்காக ஆசை தீர அழுதாள்.